எலி தோண்டிய கரை

சபா நாட்டு மக்களின் வரலாற்றைக் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் நம் இல்லங்களில் குறைவு. ஊரின் இரு புறமும் தோட்டங்கள். தலையில் கூடையைச் சுமந்து மரங்களின் அடியில் நடந்து வந்தாலே கூடை நிறைந்துவிடும் என்று நன்னிமார் சொல்லும் செழிப்பு. பின்னர் ஒரு நாள் அணை உடைந்து, 'அரிம்' வெள்ளம் புகுந்து, அத்தனையையும் வாரிக்கொண்டு போன துயரம். திருமறையின் 34ஆம் அத்தியாயம் அந்நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்த அணையை ஓர் எலி குடைந்து உடைத்தது என்பது திருமறையில் உள்ள செய்தியன்று. விரிவுரையாளர்கள் எடுத்துச் சொன்ன கதை. அதைச் சிறுவயதில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாட்டையே காத்து நின்ற அணையை ஓர் எலியா உடைக்கும்?

என் நன்னா சிரிக்கவில்லை. கொள்ளிடத்தின் தென்கரையில் பிறந்து, அக்கரை மீதே அறுபது ஆண்டுகள் நடந்தவர் அவர். "எலி போதும் தம்பி. எலிகூட வேண்டாம், வயல் நண்டு போதும்" என்றார்.

இத்திங்கள் இதைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் சொல்கிறேன். முதலில் சபாவின் அணையைச் சற்றுப் பார்த்துவிடுவோம். யமன் நாட்டில் மாரிப் என்னும் ஊருக்கு அருகே அதன் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. ஏறத்தாழ 600 மீட்டர் நீளமுள்ள மண் கரை. நீர்ப்புறத்தில் கல் பாவியது. அதன் இரு முனைகளிலும் கல்லால் எழுப்பிய மதகுகள். மலையிலிருந்து ஆண்டில் சில நாட்களே ஓடி வரும் காட்டு வெள்ளத்தைத் தடுத்து உயர்த்தி, வலமும் இடமும் திருப்பிவிடுவதே அதன் வேலை. கல் மதகுகள் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. போனது நடுவிலிருந்த மண் கரை.

அது ஒரே நாளில் உடைந்து போனது என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அங்கே கிடைத்த கல்வெட்டுகள் வேறொன்றையும் சொல்கின்றன. கடைசி உடைப்பு கி.பி. 570 வாக்கில் நேர்ந்தது என்பர். அதற்கு முன்பே பலமுறை அது உடைந்திருக்கிறது, பலமுறை அடைக்கப்பட்டிருக்கிறது. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைப் பழுதுபார்த்து, அச்செய்தியைக் கல்லில் பொறித்து வைத்தவன் யார் தெரியுமா? யானைப் படையோடு மக்காவை நோக்கி வந்தானே, அதே அப்ரஹா. வேலைக்குத் திரண்ட கூட்டத்தாருக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு பேரீச்சம்பழம், எத்தனை ஆடு மாடுகள் செலவாயின என்பதையெல்லாம் கணக்குப் பிள்ளையைப் போல அக்கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறான். வேலையின் இடையே கொள்ளைநோய் வந்து பணி நின்றதும் அதில் இருக்கிறது. ஓர் அணையைக் கட்டிய பெருமையைப் பேசும் கல்வெட்டுகள் உலகில் ஏராளம். பழுது பார்த்த செலவைப் பேசும் கல்வெட்டு அரிது. அடைக்க ஆள் திரண்ட வரையில் அணை நின்றது. திரளாத காலத்தில் போயிற்று.

இனிக் கொள்ளிடத்திற்கு வருவோம்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே செல்வது காவிரி. வடக்கே செல்வது கொள்ளிடம். பெயரிலேயே பொருள் இருக்கிறது. மிகுந்த நீரைக் கொள்ளும் இடம் அது. கல்லணையைத் தாண்டினால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவை ஒவ்வொன்றும் தாங்கக்கூடியது சில ஆயிரம் கன அடிகளே. அதற்கு மேற்பட்டது எவ்வளவாயினும், இலட்சமாயினும் இரண்டு இலட்சமாயினும், கொள்ளிடத்திற்குத்தான். தஞ்சையும் குடந்தையும் மயிலாடுதுறையும், இராஜகிரியும் அய்யம்பேட்டையும் நீடூரும் வெள்ளக் காலத்தில் நிம்மதியாக உறங்குவது, வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓர் ஆறு அந்தப் பாரத்தைச் சுமந்து கடலுக்குக் கொண்டு போவதால். அந்த ஆற்றின் இரு புறமும் நிற்பதோ மண் கரை.

கன அடி என்று செய்தித்தாளில் வாசிக்கிறோம்; அது எவ்வளவு என்று மனத்தில் பதிவதில்லை. வினாடிக்கு ஒரு கன அடி என்றால் ஏறத்தாழ 28 லிட்டர். இரண்டு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலட்சம் கன அடி என்றால் ஒரு வினாடிக்கு 56 இலட்சம் லிட்டருக்கு மேல். இந்த வரியைத் தாங்கள் படித்து முடிப்பதற்குள் ஒரு சிற்றூரின் குளம் நிறைந்துவிடும்.

"மேட்டூர் அணை இருக்கிறதே, பிறகென்ன அச்சம்?" என்று கேட்பவர் உண்டு. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைச் சிறுவனாகக் கண்டவர் என் நன்னா. அவ்வாண்டு காவிரியில் 4 இலட்சத்து 56 ஆயிரம் கன அடி வந்ததாகக் கணக்கு. அடுத்த ஆண்டே மேட்டூர் வேலை தொடங்கி 1934-இல் முடிந்தது. 120 அடி உயரத்திற்கு 93.47 டி.எம்.சி. நீரை அது தேக்கும். அணை காலியாக இருக்கும்போது வெள்ளம் வந்தால் அது ஒரு பெரிய தடுப்பு; ஐயமில்லை. ஆனால் அணை நிரம்ப வேண்டும் என்பதற்காகத்தானே உழவர் அனைவரும் வானத்தைப் பார்த்து இருகையேந்துகிறோம்? நிரம்பிய குடத்தில் ஊற்றினால் ஊற்றியது அத்தனையும் வழியும். 2018 ஆகஸ்டில் அப்படித்தான் ஆயிற்று; 2022 ஆகஸ்டிலும் அப்படித்தான். இரு முறையும் இரண்டு இலட்சம் கன அடியை ஒட்டிய நீர் மேட்டூரிலிருந்து இறங்கியது. 2024-இலும் இலட்சத்திற்கு மேல் இறங்கியது. நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களின் மக்கள் 2022-இலும் மூட்டை முடிச்சுகளோடும் ஆடு மாடுகளோடும் படகில் ஏறி முகாமுக்கு வந்தார்கள். அவை கரைக்கும் ஆற்றுக்கும் இடையில் உள்ள ஊர்கள். "அங்கே ஏன் குடியிருக்கிறார்கள்?" என்று நகரத்தார் எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள். ஆறு கொண்டுவந்து போட்ட எக்கல் மண்ணில் மல்லிகையும் முல்லையும் கத்தரியும் விளைவதைப் பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார். அழிக்கும் ஆறே அவர்களுக்குச் சோறும் போடுகிறது.

2018-இல் நடந்த மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையில், கொள்ளிடப் பகுதியின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கட்டிய அணை அது. நூற்றெண்பது ஆண்டுகள் நின்றது. வெள்ளத்தின் உச்சத்தில் அது உடையவில்லை. உச்சம் கடந்த பின்னர்தான் உடைந்தது. அணையின் முதுமையும், மணல் அள்ளி அள்ளி ஆற்றின் படுகை தாழ்ந்து போனதும் காரணங்களாகப் பேசப்பட்டன. அதே வாரத்தில்தான் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. கீழே சீர்காழி வட்டம் அளக்குடியில் கரையை ஆறு அரித்தபோது, இரவு பகலாக மணல் மூட்டை அடுக்கினார்கள்.

ஒரு மண் கரை எப்படி உடைகிறது? தண்ணீர் தலைக்கு மேல் வழிந்து உடைப்பதுதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது ஒரு வழி மட்டுமே. கரையின் உச்சியில் எங்கேனும் ஒரு சாண் பள்ளம் இருந்தால், வெள்ளம் முழுவதும் அந்தப் பள்ளத்தைத்தான் தேடி வரும். வழியும் நீர் மறுபுறச் சரிவில் இறங்கும்போது மண்ணை உரித்துக்கொண்டே இறங்கும். ஒரு மணி நேரத்தில் சாண் பள்ளம் வண்டி போகும் வாயிலாகிவிடும்.

இரண்டாவது வழி, நன்னா சொன்ன நண்டின் வழி. ஆற்றுப் பக்கம் நீர் பத்தடி உயர்ந்து நிற்கிறது. ஊர்ப் பக்கம் தரை காய்ந்து கிடக்கிறது. அந்தப் பத்தடி நீரின் எடை கரைக்குள் ஒரு வழியைத் தேடிக்கொண்டே இருக்கும். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் மக்கிய வேர் என எது கிடைத்தாலும் போதும். அதன் வழியே முதலில் கசியும். பிறகு நீர் மண் துகளையும் உடன் எடுத்துக்கொண்டு வரும். துகள் போகப் போகத் துளை பெரிதாகும். துளை பெரிதாகப் பெரிதாக நீரின் வேகம் கூடும். மேலிருந்து பார்த்தால் கரை கம்பீரமாக நிற்கும். உள்ளே வயிறு காலியாகிக்கொண்டிருக்கும். திடீரென்று உச்சி உள்வாங்கும், அவ்வளவுதான்.

இதனால்தான் நன்னா வெள்ளக் காலத்தில் ஆற்றைப் பார்த்து நடக்க மாட்டார். ஊர்ப்பக்கச் சரிவின் அடியைப் பார்த்து நடப்பார். கையில் அரிக்கேன் விளக்கும் ஒரு மூங்கில் கழியும் இருக்கும். ஓரிடத்தில் ஈரம் கண்டால் குனிந்து உள்ளங்கையில் நீரை ஏந்தி விளக்கொளியில் பார்ப்பார். தெளிந்த நீரானால் அடையாளம் வைத்துவிட்டு மேலே நடப்பார். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் வந்து பார்ப்பார். கலங்கிய நீரானால் கூவி ஆளைக் கூட்டுவார். அறுபது ஆண்டுகளில் அவர் கற்ற பாடம் அந்த உள்ளங்கையில் இருந்தது.

கலங்கல் வந்த இடத்தில் என்ன செய்வது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஊற்று பீறிடும் வாயில் ஒரு மூட்டையைத் திணித்து அடைத்துவிடுவார்கள். உள்ளே அழுத்தம் குறைவதில்லையே! அது பக்கத்தில் வேறொரு வாயைத் திறக்கும். ஊற்றை அடைக்காமல், அதைச் சுற்றிக் கிணற்றுக் கைப்பிடிச் சுவர் போல மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்க வேண்டும். உள்ளே நீர் உயரும். உயர உயர அதன் எடையே கீழிருந்து வரும் நீரை எதிர்த்து நிற்கும். கலங்கல் நின்று தெளிந்த நீர் வழியத் தொடங்கியதும், அது வழிந்து போக ஒரு வாயை விட்டுவிட வேண்டும். மூட்டையையும் வாய் வரை நிரப்பக் கூடாது. முக்கால் பங்குக்கும் குறைவாக நிரப்பினால்தான் ஒன்றின் மேல் ஒன்று படிந்து இடைவெளி இல்லாமல் உட்காரும். தலையணை போல உப்பிய மூட்டைகளின் சந்துகளில் நீர் புகுந்துவிடும். இவை பொறியாளர்களின் நூல்களில் உள்ள முறைகள்தாம். எழுத்தறியாத என் நன்னாவும் இதையே செய்தார்.

மூன்றாவது வழி, ஆறு வளையும் இடத்தில் நேர்வது. வெளி வளைவில் நீரின் விசை முழுவதும் கரையின் அடியில் மோதும். அடி அரித்தால் மேல் சரியும். ஆற்றின் நடுவே சீமைக் கருவேலம் புதராக மண்டியிருந்தால் ஓட்டம் தடைபட்டு ஏதேனும் ஒரு கரைப் பக்கம் ஒதுங்கும். அளவின்றி மணல் அள்ளினாலோ அடிப்படுகை தாழ்ந்து கரையின் கால் வெளியே தெரியும். "பள்ளமானால் நல்லதுதானே, அதிக வெள்ளம் கொள்ளுமே" என்று வாதிடுவோரைக் கண்டிருக்கிறேன். கால் இல்லாத சுவர் எவ்வளவு உயரமாயிருந்து என்ன?

வெள்ளம் வடிந்ததும் ஊர் உறங்கப் போய்விடும். அப்போதுதான் நாலாவது வகை வரும். பல நாள் ஊறிக் கனத்த கரை, அதுவரை தன்னைத் தாங்கி நின்ற ஆற்று நீர் விரைவாக இறங்கியதும், பிடிமானம் இழந்து ஆற்றுப் பக்கமே சரிந்துவிடும். ஆகவே வடிந்த பின்னும் ஒரு வாரம் கரையில் நடக்க வேண்டும். இது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியும். ஆயினும் நடந்தவர் குறைவு.

முன்னாளில் இந்தக் கரைகளை யார் காத்தார்கள்? குடிமராமத்து என்ற சொல் இன்று அரசாணையில் வந்துவிட்டதால் அனைவரும் அறிவர். குடியானவர்கள் ஆண்டுதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று திரண்டு வாய்க்கால் தூர்வாரி, கரையை உயர்த்திய வழக்கம் அது. ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வழக்கம் தளர்ந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் இதற்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊர் ஆட்களைக் கட்டாயமாக அழைக்கவும், வழக்கமான பணியைச் செய்யாதவரிடம் அதற்கான பணத்தை வசூலிக்கவும் அது வழி செய்தது. மனமுவந்து செய்த ஒன்றைத் தண்டம் விதித்துச் செய்விக்க முயன்றால் என்ன ஆகும்? சட்டம் ஏட்டில் இருந்தது, கரை தேய்ந்துகொண்டிருந்தது. பின்னர்ப் பொதுப்பணித் துறை அனைத்தையும் ஏற்றது. இன்று நீர்வளத் துறை ஏற்றிருக்கிறது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்றது. நோக்கம் நல்லதே. பல இடங்களில் அந்தப் பங்கும் ஒப்பந்தக்காரரின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடும் என்பதே என் ஐயம். கரை மேல் நடக்காதவனுக்குக் கரை தன்னுடையது என்ற எண்ணம் எப்படி வரும்?

கடல் மட்டத்திற்குக் கீழே வாழும் டச்சுக்காரர்களிடம் பழைய நாளில் ஒரு வழக்கம் இருந்ததாம். கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவன் தன் பங்குக் கரையைத் தானே பேண வேண்டும். முடியாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவைத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விட வேண்டும். அந்த மண்வெட்டியை எவன் பிடுங்குகிறானோ அவனுக்கு நிலமும் சேரும், கரைப் பொறுப்பும் சேரும். கொடிய வழக்கம்தான். ஆனால் கரையும் நிலமும் வேறு வேறல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 1255 முதலே அங்கே நீர் வாரியங்கள் உண்டு. தமக்கென்று வரி, தமக்கென்று தேர்தல். அத்தனை இருந்தும் 1953-இல் ஒரே இரவில் கடல் புகுந்து 1,836 பேர் மாண்டார்கள். அதற்குப் பின்னர் அவர்கள் கரைகளுக்குச் செலவிட்டதும் செலவிடுவதும் உலகறிந்தவை.

இனி, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெரியத்தாவுக்குப் படுகையில் செங்கல் காளவாய் இருந்தது. கரையைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டு மைல். ஆகவே டிராக்டர் ஏறி இறங்கக் கரையின் உச்சியை மூன்றடி ஆழத்திற்கு வெட்டி ஒரு சறுக்கு வழி போட்டார். அந்தச் செங்கல்லில்தான் எங்கள் தெருவின் பாதி வீடுகள் எழும்பின. பள்ளிவாசலின் சுற்றுச் சுவருக்கு அவர் கூலி வாங்காமல் கல் தந்தார். நன்னா அப்போது மவுத்தாகிவிட்டார். வேறு யார் கேட்பது? நான் அவ்வழியே பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன். அது தவறென்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. தங்கை மகளின் நிக்காஹ் பேச்சு அவர் வீட்டில் நடந்துகொண்டிருந்தது, அதுதான் காரணம்.

2005 நவம்பரில் கொள்ளிடம் பொங்கியபோது அந்த வழியில்தான் முதலில் நீர் புகுந்தது. இரவு இரண்டு மணி இருக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அழைப்பு வந்ததும் ஊரே ஓடியது. மாரியம்மன் கோயில் தெருவினர் எங்களுக்கு முன்பே அங்கே நின்றார்கள். பெரியத்தாவும் நின்றார். தம் காளவாயில் அடுக்கியிருந்த கல்லையெல்லாம் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டச் சொன்னார். இடுப்பளவு நீரில் இறங்கி முதல் சவுக்குக் கட்டையைப் பிடித்தவரும் அவரே; அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. இரு வரிசையாகக் கட்டை அடித்து, நடுவே வைக்கோல் பிரியும் தென்னங்கீற்றும் திணித்து, களிமண் மூட்டைகளை இறக்கி, பொழுது புலர்வதற்குள் அடைத்துவிட்டோம். முப்பது வீடுகளில் முழங்கால் அளவு நீர் நின்றது, நெல் போயிற்று, இரண்டு மாடுகள் போயின. மனித உயிர் எதுவும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் கூடியது. பெரியத்தாவின் துணிவை எல்லோரும் புகழ்ந்தார்கள். வழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பெருமூச்சோடு எழப்போகும் நேரத்தில் வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. நெல்லை இழந்த ஒரு விதவைத் தாய். "அண்ணே, அடைச்சது நீங்கதான், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான். வெட்டினதும் நீங்கதானே?" என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை. பெரியத்தா நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான்தான்மா" என்றார்.

அந்த வாரமே வழியை மூடினார். ஆனால் மூடியது சரியில்லை. இதையும் சொல்ல வேண்டும். லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேலே சமப்படுத்திவிட்டார். மண்ணைக் கொட்டினால் அது கரையாகிவிடாது. பழைய சரிவைப் படிப்படியாக வெட்டிக் கொத்திவிட்டு, புது மண்ணை அரையடிக்கு மேல் போகாமல் பரப்பி, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் அடுத்த அரையடி பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பழைய மண்ணும் புது மண்ணும் ஒட்டாது. இரண்டு மழைக்காலத்தில் அவ்விடம் ஒரு முழம் அமர்ந்தது. துறையினர் வந்து அதைத் தோண்டி எடுத்து மீண்டும் முறையாகப் போட வேண்டியதாயிற்று. பெரியத்தா அப்போது நடமாட்டம் குறைந்து கட்டிலில் இருந்தார். "ஒட்டலையாமே?" என்று என்னிடம் கேட்டார். "இப்போது ஒட்டியாயிற்று பெரியத்தா" என்றேன்.

வெட்டுவது லாரி வழிக்காக மட்டுமன்று. வீட்டுத் தளம் உயர்த்த நாலு கூடை மண் என்று பெண்களே எடுத்து வருவதைப் பார்க்கிறேன். ஆடு மாடுகளைத் தினமும் ஒரே தடத்தில் ஏற்றி இறக்கினால் அதுவும் ஒரு வாய்க்காலாகிவிடும். நிழலுக்கென்று கரையின் சரிவில் பெருமரம் வைப்பார்கள். காற்றில் அது சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாயும். கரைக்கு ஏற்றது புல். வெட்டிவேரும் அறுகும் மண்ணைப் பிடிப்பது போல வேறெதுவும் பிடிக்காது. வளை இருந்தால் கண்ணுக்கும் தெரியும். குப்பையைக் கரையில் கொட்டுவது எலிக்குச் சோறிட்டு வளை தோண்டச் சொல்வது போன்றது.

வெள்ள எச்சரிக்கை வந்தால் வீட்டில் செய்ய வேண்டியவை தாய்மார்கள் அறிந்தவையே. பத்திரம், குடும்ப அட்டை, மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டி எடுக்கும்படியாக வையுங்கள். கர்ப்பிணியரையும் முதியோரையும் இருட்டும் முன்பே மேட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முழங்கால் அளவேயானாலும் ஓடும் நீரைக் கடக்கத் துணியாதீர்கள். கரையில் காவல் நிற்பவர்களுக்குத் தேநீர் கொண்டு போகும் பிள்ளைகளுக்குக் கைவிளக்கும் கழியும் கொடுத்தனுப்புங்கள். வெள்ளத்தில் பாம்புகளும் கரைக்குத்தான் ஏறும்.

தொடக்கத்தில் ஒரு காரணம் உண்டு என்றேன். சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அஸருக்குப் பின் நன்னாவின் பழக்கப்படி ஊர்ப்பக்கச் சரிவின் அடியில் நடந்தேன். பெரியத்தாவின் பழைய வழிக்கு நாற்பது அடி கிழக்கே, கோரைப் புதரை விலக்கிப் பார்த்தால், ஒன்றல்ல, மூன்று வளைகள். ஒன்றில் கைத்தடியை விட்டேன். பிடி வரை போயிற்று. அடியில் எதுவும் தட்டவில்லை. தங்கையின் பேரன் உடன் வந்திருந்தான். "எலியா நன்னா?" என்றான். புதரின் மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்துவிட்டு வந்தோம். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்களன்று பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். துணி அவிழ்ந்துவிடாமல் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்து வருவதாக அவன் பொறுப்பேற்றிருக்கிறான்.